அட்டை விடலாமா: எதற்கு, யாருக்கு, யார் கையால்?

கேள்வி:

என் அம்மாவுக்கு வயது 63. இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்துவிட்டதாக எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாடிப்படி ஏற முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சர்க்கரையும் இருக்கிறது. போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கான மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறார்.

பக்கத்து ஊரில் ஒருவர் அட்டை விட்டு மூட்டுவலியைக் குணப்படுத்துகிறார் என்று பெரியம்மா சொல்கிறார். அவருக்கு நல்ல பலன் தெரிந்ததாம். "கெட்ட ரத்தம் போனால் வலியும் போய்விடும்" என்கிறார். நர்ஸிங் படிக்கும் என் மகளோ, "பாட்டிக்கு அதெல்லாம் வேண்டாம்மா" என்கிறாள். ஆனால் துண்டான விரலை ஒட்டவைத்த பிறகு பெரிய மருத்துவமனைகளில் அட்டை வைப்பதுண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாகவும் அவளே சொல்கிறாள். எதை நம்புவது என்று தெரியவில்லை.

1. என் அம்மாவுக்கு அட்டை விடலாமா?
2. அட்டை கெட்ட ரத்தத்தை மட்டும் குடிக்கும் என்பது உண்மையா?
3. பழைய வைத்தியமான இதை இன்றைய அறுவை மருத்துவர்கள் ஏன் பயன்படுத்துகிறார்கள்?
4. மூட்டுவலிக்கு அட்டை உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டா?
5. வேறு யாராவது அட்டை விட்டுக்கொள்ளப் போவதானால் என்னென்ன பார்க்க வேண்டும்?

வாசகி, தென்காசி

பதில் அளிப்பவர்: பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்

1. உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு அட்டை விடாதீர்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடாமல் இவை காக்கின்றன. அட்டையின் எச்சிலும் ரத்தத்தை உறையவிடாது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கடிவாயிலிருந்து கசியும் ரத்தம் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "அட்டை விடும்வரை மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம்; மாரடைப்பு வரலாம். மூட்டுவலி வேதனைதான். ஆனால் அதற்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

சர்க்கரை மூன்றாவது காரணம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குக் காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். சிறிய புண்ணும் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். உங்கள் மகள் சொன்னது சரி.

தேய்ந்த மூட்டுக்குச் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யச் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் மூட்டுக்குச் சுமை குறையும். சம்மணம் போடுவதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் தவிர்க்கட்டும். வலி மாத்திரை எதுவானாலும், ஸ்டென்ட் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். வலி மாத்திரைகளில் பல, இதய நோயாளிகளுக்கு ஆகாதவை.

2. கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று இல்லை

நம் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே இதயம் ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய அந்த 5 லிட்டரையும் சுற்றி அனுப்பிவிடுகிறது. இந்தக் கணம் முழங்காலில் ஓடும் ரத்தம் சற்று முன்பு நுரையீரலில் இருந்தது. சற்று நேரத்தில் மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ போகும். அதில் கெட்டதென்று ஒரு பகுதி முழங்காலில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அப்படியே இருந்தாலும் அதைப் பிரித்தறிய அட்டைக்குத் தெரியாது. கடித்த இடத்தில் கிடைப்பதைக் குடிக்கிறது.

எப்படிக் குடிக்கிறது என்பது தெரிந்தால், இந்த உயிரினம் மருத்துவத்துக்கு எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதும் புரிந்துவிடும். மருத்துவ அட்டை மண்புழுவுக்கு உறவான நன்னீர் உயிரினம். உடலின் இரு முனைகளிலும் உறிஞ்சிகள் உண்டு. பின் உறிஞ்சியால் பிடித்துக்கொண்டு முன் உறிஞ்சியால் கடிக்கும். வாயில் மூன்று தாடைகள்; ஒவ்வொன்றிலும் 100 வரை நுண்ணிய பற்கள். அதனால்தான் அட்டை கடித்த இடத்தில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்தது போன்ற தழும்பு விழுகிறது. சுருக்கென்று ஒரு வலி இருக்கும். பிறகு பெரும்பாலும் தெரிவதில்லை. 20 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 5 முதல் 15 மில்லி ரத்தம் குடித்து, பல மடங்கு பருத்து, தானாகவே விழுந்துவிடும்.

அது விழுந்த பிறகுதான் முக்கியமான வேலை நடக்கிறது. கடிவாய் பல மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீளும். அட்டை குடித்ததைவிட இப்படிக் கசிந்து போவதே அதிகம். காரணம் அதன் எச்சில். அதிலுள்ள ஹிருடின், ரத்தம் உறைவதற்கு இன்றியமையாத த்ராம்பின் என்ற நொதியைப் பிடித்து முடக்கிவிடும். கேலின் என்ற புரதம், கிழிந்த ரத்தக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும். ஹயலுரோனிடேஸ் திசுக்களுக்கிடையே வழி திறந்து, மற்ற பொருள்கள் பரவ உதவும். ரத்தக் குழாய்களை விரியச்செய்யும் பொருள்களும் உண்டு. ஒருமுறை குடித்த ரத்தத்தை வைத்துக்கொண்டு பல மாதம் பசியாறி இருக்கும் உயிரினம் அட்டை. ரத்தம் உறைந்துபோனால் அதற்கு உணவில்லை. தன் வயிற்றுக்காக அது உருவாக்கிக்கொண்ட எச்சிலைத்தான் மருத்துவம் கடன் வாங்கியது.

அப்படியானால் கெட்ட ரத்தம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பண்டைய மருத்துவ முறைகள் பெரும்பாலும், உடம்பில் உள்ள சில அடிப்படைப் பொருள்களின் சமநிலை கெடுவதே நோய் என்று கருதின. கிரேக்க, ரோமானிய மருத்துவத்தில் நான்கு திரவங்கள். நம் நாட்டில் வாதம், பித்தம், கபம். மிகுந்ததை வெளியேற்றினால் நோய் தீரும் என்பது அந்தச் சிந்தனையின் நேரான விளைவு.

அந்த வைத்தியர்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் 13-ஆம் அத்தியாயம் முழுக்க அட்டையைப் பற்றியது. அட்டைகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை என்கிறது. விஷமற்றவற்றைத் தூய நீர்நிலையில் பிடித்து, புதுப் பானையில் குளத்து நீரும் சேறும் இட்டு வளர்க்க வேண்டும். சில நாளுக்கொரு முறை நீரையும் உணவையும், வாரத்துக்கொரு முறை பானையையும் மாற்ற வேண்டும். கத்தியைத் தாங்க முடியாத குழந்தைகள், முதியவர்கள், மெலிந்தவர்களுக்கு இந்த மென்மையான முறை என்று அது காரணமும் சொல்கிறது. குடித்து முடித்த அட்டையைக் கக்கவைக்காவிட்டால் அதுவே நோயுறும் என்றுகூட எச்சரிக்கிறது. இது கண்ணால் பார்த்து, பலமுறை செய்து பார்த்தவர்களின் எழுத்து. தன்வந்திரி சிலைகள் சிலவற்றில் அமுத கலசத்தோடு அட்டையும் கையில் இருப்பது, அன்றைய மருத்துவத்தில் அதற்கிருந்த இடத்தைக் காட்டுகிறது. சித்த மருத்துவம் வகுத்துள்ள 32 வகைப் புற மருத்துவங்களில் அட்டை விடலும் ஒன்று. யுனானி மருத்துவம் போற்றும் இப்னு சீனாவும் தம் மருத்துவ நூலில் அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பிழை நேர்ந்தது, குறிப்பிட்ட ஒன்றுக்கான கருவியை எல்லாவற்றுக்கும் நீட்டியபோது. அதற்கு மிகப்பெரிய பாடம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரான்ஸ். பாரிஸில் செல்வாக்குடன் இருந்த பிரான்ஸுவா ப்ருஸே என்ற மருத்துவர், ஏறத்தாழ எல்லா நோய்க்கும் மூலம் வயிறு, குடலின் அழற்சிதான் என்று போதித்தார். மருந்து, பட்டினியும் அட்டையும். ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் அட்டைகளை விட்டார்கள். 1832-இல் பாரிஸைக் காலரா தாக்கியபோதும் அட்டைதான். வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து வற்றிக் கிடந்தவர்களின் உடம்பிலிருந்து ரத்தத்தையும் எடுத்தார்கள். 1833-இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கும் அதிகமான அட்டைகளை இறக்குமதி செய்தது. ஐரோப்பாவின் குளங்களும் சதுப்பு நிலங்களும் அட்டைக்காகச் சூறையாடப்பட்டன. பல இடங்களில் அந்த இனம் அருகிப்போனது. இன்றும் ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற ஐரோப்பிய மருத்துவ அட்டையின் வணிகம் சர்வதேச வனவுயிர் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அந்த அலையைத் தணித்தவரும் பாரிஸ் மருத்துவரே. பியேர் லூயி, நிமோனியா நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்து, நோயின் தொடக்கத்திலேயே ரத்தம் எடுக்கப்பட்டவர்களையும் தாமதமாக எடுக்கப்பட்டவர்களையும் எண்ணி ஒப்பிட்டார். சொல்லப்பட்ட அளவுக்குப் பலன் ஒன்றும் இல்லை என்று 1835-இல் நூலாகவே வெளியிட்டார். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் மருத்துவத்தில் வேர்விட்ட தருணங்களில் அது ஒன்று. அட்டை விடலாமா என்று கேட்கும் எவருக்கும் அவர் விட்டுச்சென்ற கேள்வியையே நான் கொடுக்க விரும்புகிறேன்: எத்தனை பேரில், எதோடு ஒப்பிட்டு?

3. அறுவை அரங்குக்கு அட்டை திரும்பிய கதை

அட்டை முதலில் திரும்பி வந்தது ஆய்வுக்கூடத்துக்கு. 1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்ற பிரிட்டிஷ் அறிஞர், அட்டையின் வாய்ப்பகுதியிலிருந்து எடுத்த சாறு ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்று காட்டினார். ஹெப்பரின் இன்னும் கண்டறியப்படாத காலம் அது. உடம்புக்கு வெளியே ஒரு குழாய் வழியாக ரத்தத்தை ஓடவிட வேண்டுமென்றால், அது உறையாமலிருக்க அட்டையை விட்டால் வேறு நல்ல வழியில்லை. 1913-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் ஏபெல் குழு நாய்களின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே சுத்திகரித்துக் காட்டியது ஹிருடினை வைத்துத்தான். 1924-இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்தார். கால் மணி நேரமே நீடித்த அந்தச் சிகிச்சையிலும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டது அட்டையிலிருந்து எடுத்த ஹிருடின்தான். இன்று ஊருக்கு ஊர் நடக்கும் டயாலிசிஸின் முதல் அடியில் அட்டைக்கும் பங்கு உண்டு.

1950-களில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் ஹிருடினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பு தெரிந்த பிறகு அட்டையைத் தொடாமலேயே மருந்து செய்ய முடிந்தது. மரபணுத் தொழில்நுட்பத்தால் உருவான லெபிருடின், ஹெப்பரின் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்காக 1990-களின் இறுதியில் வந்து, 2012-இல் சந்தையிலிருந்து போனது. ஹிருடினை முன்மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட பைவலிருடின், ஆஞ்சியோபிளாஸ்டியின்போது ரத்தம் உறையாமலிருக்க இன்றும் பயன்படுகிறது.

உயிருள்ள அட்டை அறுவை சிகிச்சைக்குத் திரும்பியதற்குக் காரணம் சிரைகள். துண்டான விரலை ஒட்டவைக்கும்போது இரண்டு வகை ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப் வழியே தைக்கிறோம். ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிக்குச் சுவர் தடிமன். தைப்பது ஓரளவு எளிது. ரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் சிரைக்குச் சுவர் மெல்லியது, அழுத்தமும் குறைவு. நசுங்கிய விரலில் தைக்கத் தகுந்த சிரையே சிலசமயம் கிடைக்காது. அப்போது வாய்க்கால் திறந்திருக்க வடிகால் அடைத்துக்கொண்ட வயலின் கதைதான். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கும். விரல் வீங்கி, ஊதா நிறமாகி, கறுத்துப்போகும். தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தால் புது ரத்தம் உள்ளே வருவதும் நின்று, ஒட்டிய விரல் அழுகிவிடும்.

உடம்பு தானாகவே புதிய நுண்சிரைகளை வளர்த்துக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில நாள்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை தேங்கும் ரத்தத்தை வெளியேற்றித் தர ஒன்று வேண்டும். கத்தியால் கீறினால் சற்று நேரத்தில் உறைந்து மூடிக்கொள்ளும். அட்டையின் கடிவாய் மணிக்கணக்கில் கசியும். இந்தத் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இன்னும் கிடைக்கவில்லை.

1960-இல் ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகர அறுவை மருத்துவர்கள் டெர்கான்ஸ், ஸ்ட்ராவிச் இருவரும், இடம் மாற்றி வைத்த தோல் பகுதிகளில் ரத்தம் தேங்கியபோது அட்டை வைத்துக் காப்பாற்றியதை மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகம் கவனித்தது 1985-இல். பாஸ்டனில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் காதை நாய் கடித்துத் துண்டாக்கிவிட்டது. மருத்துவர் ஜோசப் அப்டன் அதை ஒட்டவைத்தார். சில நாளில் காது கறுக்கத் தொடங்கியது. மருத்துவ அட்டைகளை வரவழைத்து வைத்தார், காது பிழைத்தது. 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உயிருள்ள அட்டைகளை மருத்துவக் கருவியாக விற்க ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது.

வார்டில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் மகளுக்கும் பயன்படும். தோலில் மருந்து, சோப்பு வாசனை எதுவும் இல்லாமல் துடைக்க வேண்டும். வாசனை இருந்தால் அட்டை கடிக்காது. நடுவில் துளையிட்ட ஈரத்துணியால் சுற்றிலும் மூடி, தேங்கிய பகுதியை மட்டும் திறந்து வைத்து அட்டையை விடுவார்கள். கடிக்கத் தயங்கினால் ஊசி முனையால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் காட்டுவதுண்டு. அது இடம் மாறிக் காயத்துக்குள்ளோ மூக்குக்குள்ளோ போய்விடாமல் செவிலியர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். அட்டை விழுந்த பிறகு கடிவாயில் உறையும் ரத்தத்தைத் துடைத்துத் துடைத்துக் கசிய விடுவார்கள். சில மணி நேரத்துக்கொரு முறை புது அட்டை. நாளுக்குப் பலமுறை ஹீமோகுளோபின் பரிசோதனை. எத்தனை தடவை விட்டுப் பார்த்தும் அட்டை கடிக்க மறுத்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. தமனி வழியாக வரும் ரத்தமே நின்றிருக்கலாம். நோயாளி மறுபடி அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கலாம்.

வெளியான நோயாளி விவரங்களைத் திரட்டி 2012-இல் வந்த ஒரு மதிப்பாய்வில், அட்டை வைத்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்த உறுப்போ தோல் பகுதியோ பிழைத்தது. ஆனால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பிழைத்த கதைகளே அதிகம் எழுதப்படும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அட்டை கிடைக்காத இடங்களில், விரலின் நகத்தை அகற்றி, ஹெப்பரின் நனைத்த பஞ்சால் துடைத்து ரத்தத்தைக் கசிய விடும் முறையும் உண்டு.

எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

4. மூட்டுவலிக்கு ஆதாரம் எவ்வளவு?

உங்கள் பெரியம்மாவுக்கு வலி குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். மூட்டுத் தேய்மானத்துக்கு அட்டை விட்டு முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு. முழங்கால் தேய்மானமுள்ள 51 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 24 பேருக்கு ஒரே ஒருமுறை 4 முதல் 6 அட்டைகளை விட்டார்கள். 27 பேருக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அட்டை விட்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. வலிக் குறைவில் இருந்த வித்தியாசம் நாளாக நாளாகத் தேய்ந்தாலும், மூட்டின் இயக்கமும் விறைப்பும் 3 மாதம் வரை மேம்பட்டிருந்தன.

இதைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், தனக்கு அட்டை விட்டார்களா களிம்பு பூசினார்களா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. வித்தியாசமான, எல்லோரும் பேசும் ஒரு சிகிச்சை கிடைத்தது என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கக்கூடியது. மூட்டுத் தேய்மான வலியும் தானாகவே ஏறி இறங்கும். பிறகு வந்த ஆய்வுகளும் சிறியவை. அவற்றிலிருந்து நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சிலருக்குச் சில வாரம் அல்லது சில மாதம் வலி குறையலாம், தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது.

முடி வளரும், முகம் பொலிவாகும், மாரடைப்பு வராது, புற்றுநோய் தீரும், குழந்தை பிறக்கும் என்றெல்லாம் அட்டைக்கு விளம்பரம் செய்பவர்களைப் பார்க்கிறேன். இவற்றுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று ஒருவர் சொன்னால், ப்ருஸேயின் காலத்துப் பாரிஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. போவதானால் பார்க்க வேண்டியவை

முதலில், யாருக்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தை உறையவிடாத மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், ஹீமோஃபிலியா போன்ற ரத்தக் கசிவு நோயுள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே அட்டைக் கடிக்கு ஒவ்வாமை வந்தவர்கள் ஆகியோர் தவிர்க்க வேண்டும். குடித்தது, கசிந்தது இரண்டையும் சேர்த்தால் ஓர் அட்டையால் 50 மில்லி வரை ரத்தம் போகலாம். ஐந்து அட்டை விட்டால் 250 மில்லி. ரத்த தானத்தில் எடுக்கும் 350 மில்லிக்கு அது அதிக தூரமில்லை. நம் ஊரில் பெண்கள் பலருக்கு ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவு. பரிசோதிக்காமல் விடவே கூடாது.

இரண்டாவது, அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா. அட்டைக்கு ரத்தத்தைச் செரிக்க உதவும் இந்த நுண்ணுயிரி, நம் சதைக்குள் புகுந்தால் சீழ் பிடிக்கவைக்கும்; சிலருக்கு ரத்தத்திலும் பரவும். அதனால்தான் அறுவைப் பிரிவில் அட்டை வைக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். அதற்கும் கட்டுப்படாத ஏரோமோனாஸ் வகைகள் வந்துவிட்டதால் எந்த மருந்து என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, அட்டை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மருத்துவமனைகளுக்கு வருபவை பண்ணையில் வளர்த்துப் பட்டினி போட்டவை. குளத்தில் பிடித்து நேராகக் கொண்டுவந்த அட்டை முன்பு எந்த மாட்டை, எந்த மனிதரைக் கடித்தது என்று யாருக்கும் தெரியாது. வால்பாறையிலும் கொல்லிமலையிலும் மழைக்காலத்தில் காலில் ஏறுவது காட்டு அட்டை. அது வேறு இனம், மருத்துவத்துக்குரியது அன்று. அது கடித்தால் நெருப்பு வைக்காதீர்கள், உப்பைக் கொட்டாதீர்கள். வேதனையில் அது வயிற்றில் உள்ளதைக் கடிவாயில் கக்கிவிடலாம். விரல் நகத்தால் முன் உறிஞ்சியைப் பக்கவாட்டில் நெம்பி விடுவித்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான்காவது, ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு ஒருபோதும் விடக் கூடாது. கக்கவைத்துக் கழுவிவிட்டோம் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மஞ்சள்தூள் பட்டால் அட்டை குடித்ததைக் கக்கும். ஆனால் முழுவதும் கக்கிவிட்டதென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ரத்தத்தின் வழியே பரவுபவை. மருத்துவமனையில் ஒருமுறை பயன்படுத்திய அட்டையை ஆல்கஹாலில் இட்டுக் கொன்று, மருத்துவக் கழிவாகவே அகற்றுகிறார்கள்.

ஐந்தாவது, யார் கை என்பது. பி.எஸ்.எம்.எஸ்., பி.ஏ.எம்.எஸ்., பி.யு.எம்.எஸ். படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம், ரத்தப் பரிசோதனை வசதியுள்ள இடத்தில் மட்டுமே அட்டை விட்டுக்கொள்ள வேண்டும். சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவத்தை முறையாகக் கற்றவர்கள், யாருக்கு விடக் கூடாது என்ற பாடத்தையும் படித்தவர்கள்தான். உங்கள் அம்மாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்தால் அவர்களும் வேண்டாம் என்றே சொல்வார்கள். சீட்டையே கேட்காமல் அட்டைப் பாட்டிலைத் திறப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே அட்டை விட்டுக்கொண்டவர்களுக்கு. கட்டு நனைந்துகொண்டே இருந்தாலோ, 24 மணி நேரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில நாள் கழித்துக் கடிவாய் சிவந்து வீங்கினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ஆங்கில மருத்துவர் திட்டுவார் என்று பயந்து பலர் அட்டை விட்டதைச் சொல்வதில்லை. மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கிருமியைத் தேட வேண்டும், எந்த ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு அந்த ஒரு தகவல்தான் வழிகாட்டும்.